முதலில் இடது கால்

நவம்பர் பிறந்தால்
கம்பைநல்லூர் வங்கிக்குப் போய்
தான் உயிரோடு இருப்பதாகக்
கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார் அப்பா.
"சீல் வெச்சிட்டாங்க.
இன்னும் ஒரு வருசத்துக்குச்
செத்தாலும் சாகமாட்டேன்."

இந்த நவம்பரில் நான் போனேன்.
வேறு படிவம். வேறு ஜன்னல்.
பெயர்: தீர்த்தகிரி. பதவி: நாயக்.
பிரிவு என்ற இடத்தில்
பென்ஷன் புத்தகத்தில் இருந்ததை
அப்படியே பார்த்து எழுதினேன்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் கேட்டாள்:
"அனிமல் டிரான்ஸ்போர்ட்னா, மாட்டாஸ்பத்திரியா?"

கோவேறு கழுதை.
பதினேழு வருடம்.
லாரி ஏறாத மலையில்
மண்ணெண்ணெய், கோதுமை மாவு, குண்டு,
ஊர்க் கடிதங்கள் எல்லாம் சுமந்த கழுதையின்
கயிற்றைப் பிடித்து நடந்தவர்.
சுட்ட கதை ஒன்றும் அவரிடம் இல்லை.
பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிட்டு
நாலு வார்த்தை பேசச் சொன்னபோது
"எண்ணூத்திப் பன்னெண்டு
பாலத்துல கால் வெக்காது" என்று ஆரம்பித்து
கால் மணி நேரம் அதையே பேசினார்.
பிள்ளைகள் சிரித்தார்கள். நானும்தான்.
அது குளம்பில் சுட்ட எண்.
என் பிறந்தநாளை அவர்
ஒருதரமும் சரியாகச் சொன்னதில்லை.

நான் பிறந்து பதினாலு மாதம் கழித்து
மொரப்பூரில் ரயில் இறங்கி
கறுப்புப் பெட்டியோடு வந்து நின்றவரை
மாமா என்று கூப்பிட்டேனாம்.
"சரி, மாமாதான். காலக் காட்டு" என்றாராம்.

காலக் காட்டு.
விடுப்பில் வந்த சாயங்காலங்களிலும்
ஓய்வுபெற்ற பின் எல்லாச் சாயங்காலங்களிலும்
எங்கள் நாலு பேரையும் வரிசையில் நிறுத்தி
முதுகு காட்டிக் குனிந்து
முழங்கால்களுக்கு நடுவில் பாதத்தை இடுக்கி
நெருஞ்சி, வேலமுள், பாட்டில் சில்லு
ஒவ்வொன்றாய் எடுப்பார்.
முதலில் இடது. அப்புறம் வலது.
கூச்சத்தில் அண்ணன் உதைத்தால்
நாக்கைத் தட்டி ஒரு சத்தம்.
அடங்கிவிடுவான்.

அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில்
பஜ்ஜியைத் தொடாமல்
பெண் நடந்து வந்த நடையையே பார்த்திருந்து
"வலது குதிகால்ல ஆணி இருக்கும்மா,
வைத்தியம் பாரு" என்றவர்.
அண்ணி அதை இன்னும் மன்னிக்கவில்லை.
ஆணி இருந்தது.

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம்.
ஓர் இரவு தவறாமல்
டார்ச்சும் மூக்குக் கண்ணாடியுமாய்
அவள் காலடியில் உட்காருவார்.
விரலிடுக்கு, நக ஓரம், குதிகால் வெடிப்பு.
"ஒண்ணுமில்ல. நட."
"நான் என்ன உங்க கழுதையா?"
"அதுக்கு இவ்வளவு வாய் கெடையாது."

புரட்டாசியில் போனார்.
கடைசி இரண்டு நாளும்
நாக்கைத் தட்டிக்கொண்டே இருந்தார்.
தாகம் என்று நினைத்து
ஸ்பூன் ஸ்பூனாய்த் தண்ணீர் விட்டோம்.
அம்மாதான் சொன்னாள்:
"பாலம் வந்திருச்சு போல.
அது வரமாட்டேங்குது."

முன்னாள் படைவீரர் சங்கத்திலிருந்து
இரண்டு பேர் வந்தார்கள்.
ஒருவர் விறைப்பாய் சல்யூட் அடித்தார்.
மற்றவருக்குத் தோள்பிடிப்பு.
பாதியில் நின்ற கையை
இறக்க மனமில்லாமல்
அப்படியே வைத்திருந்தார்.

தென்பெண்ணைத் தரைப்பாலத்தில்
பாடை ஏறும்போது
அண்ணன் நாக்கைத் தட்டினானாம்.
தூக்கிப் போனவர்களில் ஒருவர்
பிறகு என்னிடம் கேட்டார்,
எதுக்கும்மா அது என்று.

வங்கியிலிருந்து திரும்பும்போது
விளக்கு வைத்துவிட்டார்கள்.
அம்மா கட்டிலில் இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
அலமாரியிலிருந்து டார்ச்சை எடுத்தேன்,
மங்கலாகத்தான் எரிந்தது.
கீழே உட்கார்ந்து
வலது பாதத்தைத் தொட்டேன்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டு
இடதை நீட்டினாள்.